பழந்தீவுக்கு ஓர் ஆங்கில ஆசிரியை

அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்ல விரும்பும் மாணவி, பரிந்துரைக் கடிதத்துக்குத் தமிழ்த்துறை ஆசிரியனைத் தேடி வருவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. இளங்கலையில் எந்தத் துறையை எடுத்தாலும் பகுதி ஒன்றில் தமிழைத் தெரிவு செய்தவர்கள் எங்களிடம் வந்தாக வேண்டும். வேதியியல் மாணவனும் வணிகவியல் மாணவியும் ஐந்திணை படித்துவிட்டுத்தான் தத்தம் துறைக்குப் போகிறார்கள். ஆங்கில இலக்கிய வகுப்புக்கும் நான் போவதுண்டு. அங்கே மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் 'சார்', 'மேடம்'. நான் மட்டும் 'ஐயா'. அந்த ஒரு சொல்லின் உரிமையில் பிள்ளைகள் பாடத்துக்கு அப்பாற்பட்ட காரியங்களையும் எங்களிடம் கொண்டுவருகிறார்கள்: வங்கிக் கடன், வீட்டுச் சண்டை, காதல், இப்போது கடவுச்சீட்டும்.

நான் சொல்லவரும் மாணவி நெல்லைப் பக்கத்துப் பீடித்தொழில் ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். தந்தை இல்லை. தாய் பீடி சுற்றிப் படிக்க வைத்தார். ஆங்கிலத்தில் இளங்கலை, பிறகு பி.எட். அதன்பின் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அவர்கள் தருவதாகச் சொன்ன மாதச் சம்பளம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. கோடை விடுமுறைக்கு அதுவும் கிடையாது. படிப்புக்காக வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய அதே தொகை. ஓராண்டு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வந்தால் கடன் அடையும், பிறகு அரசுத் தேர்வுக்கு நிம்மதியாகப் படிக்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு. 2023-இன் பிற்பகுதியில் இக்கணக்கோடுதான் அவள் வந்தாள்.

பட்டம் பெற்ற கையோடு ஓராண்டு அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிப்பது என்பது உலகின் சில நாட்டு இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்ட ஒன்று. ஜப்பான் அரசு 1987-இல் ஜெட் என்ற திட்டத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான இளம் பட்டதாரிகளைத் தன் பள்ளிகளுக்கு உதவி ஆசிரியர்களாக அழைத்தது. தென்கொரியா 1995-இல் எபிக் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிக்கும் வாழ்க்கைக்கும் நடுவே ஓராண்டு உலகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி வழக்கறிஞராகவோ எழுத்தாளராகவோ ஆவது அவர்களுக்கு எளிது. அது அவர்களுக்கு இடைவேளை. எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே நாடகம்.

கொரியாவின் அந்தத் திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களைத்தான் ஆங்கிலத்தின் பிள்ளைகளாக ஏற்கிறது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய – கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம், ஆசிரியர் தகுதியுடைய இந்தியர்களும் உதவி ஆங்கில ஆசிரியராக வரலாம் என்று ஒரு சன்னலைத் திறந்தது. ஏட்டளவில் திறந்த அந்தச் சன்னல் வழியாக உள்ளே போனவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. சீனத்தில் மொழியாசிரியர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. போதாததற்கு 2021 ஜூலையில் அரசு தனிப்பயிற்சித் தொழிலின் மீது விதித்த கட்டுப்பாட்டால் அங்கிருந்த ஆங்கிலப் பயிற்சிக்கூடங்கள் பெருமளவில் இழுத்து மூடப்பட்டன. தாய்லாந்தும் வியட்நாமும் சற்று இளக்கம். பிறநாட்டவரும் போகலாம்; ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வெழுதித் தம் ஆங்கிலத்தை மெய்ப்பிக்க வேண்டும். 120 மணிநேர டெஃபில் சான்றிதழ் ஒன்றும் கேட்பார்கள். ஆங்கில வழியிலேயே ஆங்கில இலக்கியம் படித்துத் தேறிய பெண்ணிடம், உனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று மறுபடி ஒரு சான்று.

அவள் முதலில் முயன்றது வியட்நாம். ஒரு பயிற்சி நிறுவனம் காணொளியில் நேர்காணல் நடத்தியது. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார்களாம். தமிழ் என்றாள். பிறகு பாடம் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஆறு நிமிடத்தில் முடிந்தது. "பொய் சொல்லியிருக்கலாமோ ஐயா?" என்று அவள் கேட்டபோது எனக்கு விடை இருந்தது, ஆனால் அதைத் தொண்டையிலிருந்து எடுக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்ற இந்தத் தெய்வத்தைப் பற்றி இரண்டொரு சொல். தாய்மொழியாகப் பேசுபவரே அம்மொழிக்கு உகந்த ஆசிரியர் என்ற கருத்து, 1961-இல் உகாண்டாவின் மெக்கரேரேயில் கூடிய ஆங்கிலக் கற்பித்தல் மாநாட்டின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று என்றும், அது வெறும் மூடநம்பிக்கை என்றும் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் ஒரு நூலில் விரிவாக வாதிட்டார். நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் சுரேஷ் கனகராஜா. போர்க்கால யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த தமிழர். 1999-இல் வெளிவந்த தம் நூலில், யாழ்ப்பாண மாணவர்கள் தங்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கிவைத்த படங்களையும் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு, அவர்கள் ஆங்கிலத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்று ஆராய்ந்திருப்பார். பாடநூலின் நடுப்பகுதியை எவரும் படிப்பார்கள். ஓரத்தைப் படிக்க ஒரு தமிழ் ஆசிரியர் தேவைப்பட்டது.

தமிழாசிரியனாக எனக்கு இதில் இன்னொரு சான்றும் உண்டு. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். ஏன் 'நான் பசிக்கிறேன்' என்பதில்லை என்று ஒரு வெளிநாட்டவர் கேட்டால் நம்மில் பெரும்பாலோர், "அப்படித்தான் சொல்லுவோம்" என்போம். பிறவியிலேயே மொழி வாய்த்தவனின் விடை அதுதான். வழியில் கல் எங்கே கிடக்கிறது என்பது தடுக்கி விழுந்தவனுக்குத்தான் தெரியும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். போப் பாதிரியார் தமிழ் கற்போருக்குக் கையேடு எழுதினார். அவர்களிடம் நாம் தாய்மொழிச் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இழப்பு யாருக்கு?

வாதத்தில் வெல்வது வேறு, வேலை கிடைப்பது வேறு. அவளுக்கு வேலை வேண்டியிருந்தது.

நம்மவர்க்கு ஆங்கில ஆசிரியர் பணி கிடைத்த நாடுகளின் வரைபடம் ஒன்று தனியே இருக்கிறது. ஹைலே செலாசி காலத்து எத்தியோப்பியாவில் இந்திய ஆசிரியர்கள், சிறப்பாகக் கேரளத்தார், ஏராளமாக இருந்தனர். பிறகு நைஜீரியா, எரித்திரியா, லிபியா. என்னோடு விடுதியில் இருந்த ஆங்கில முதுகலை நண்பர் ஒருவர் லிபியக் கல்லூரி ஒன்றுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் போய், ஓராண்டு ஓராண்டாக நீட்டித்துக்கொண்டே இருந்தார். 2011 பிப்ரவரியில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, இந்திய அரசு தன் மக்களை மீட்டுவந்தபோது அவரும் வந்திறங்கினார். கையில் ஒரு பை. அதற்குள் சான்றிதழ்கள் மட்டும். குறுகியகாலப் பணி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு மிக அண்மையில் உள்ள அயல்நாட்டுப் பள்ளிக்கூடம் மாலத்தீவு. இராசராசன் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் பழந்தீவு பன்னீராயிரம் அதுவே என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். எண்ணிக்கையில் சோழர் அரண்மனைப் புலவர் தாராளம் காட்டியிருக்கிறார். உள்ளவை ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றிலும் மக்கள் வாழ்பவை இருநூற்றுக்குச் சற்றுக் குறைவு. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் நெடுங்காலமாகச் சரக்கு ஏற்றிச் சென்ற கடல் அது. அவர்கள் மொழியிலும் படகுக்குப் பெயர் தோணிதான். நம் வீடுகளில் துவையலுக்குச் சேர்க்கும் மாசிக் கருவாடு அங்கிருந்து வந்தது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தது. 1960களில் அந்நாடு ஆங்கிலவழிக் கல்விக்கு மாறியது. பாடம் சொல்ல ஆளில்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தார்கள். உள்ளூரில் பயின்ற ஆசிரியர்கள் பெருகப் பெருக அந்தத் தேவை குறைந்துவருகிறது என்றாலும், தொலைவிலுள்ள தீவுகளின் பள்ளிகளில் இன்றும் நம்மவர் இருக்கிறார்கள்.

ஒரு தரகர் ஒன்றரை இலட்சம் கேட்டார். வேலை உறுதி, முதலில் சுற்றுலாப் பயணியாக இறங்கிவிடலாம், வேலை அனுமதி பிறகு வாங்கித் தருகிறோம் என்றார். இந்தியருக்கு அங்கே போய் இறங்கியதும் சுற்றுலா அனுமதி கிடைத்துவிடும் என்பது உண்மை. அந்த உண்மைதான் தூண்டில். அனுமதி பெறாமல் வேலை செய்பவர் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் அல்லர். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், சிலர் அந்த அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பியதும் நாளேடுகளில் வந்தவை. இந்தியச் சட்டப்படி ஆள்சேர்ப்பு முகவர், அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே. பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்தோம். அந்தப் பெயர் இல்லை. தரகர் அடுத்த நாளே ஒன்றரையை ஒன்றே காலாக இறக்கினார்!

பிறகு அவள் தரகரை விட்டுவிட்டு நேரடியாகவே விண்ணப்பித்தாள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சோதனை. ஒரு காகிதத்தின் முதுகில் இத்தனை முத்திரை விழுந்தால் அது காகிதமாகவே இருக்குமா என்று வியந்திருக்கிறேன். பரிந்துரைக் கடிதத்தை நான் தமிழில் எழுதி, ஆங்கிலத்துறை நண்பர் மொழிபெயர்த்து, இருவரும் கையெழுத்திட்டோம். அம்மாதிரிக் கடிதம் அந்த அமைச்சகத்துக்கு அதற்குமுன் போயிருக்குமோ, அறியேன்.

ஒப்பந்தம் வந்தது. துறை அறையில் அமர்ந்து வரிவரியாகப் படித்தோம். விமானச் சீட்டு யார் பொறுப்பு, இடையில் விலகினால் என்ன, உடல்நலம் குன்றினால் யார் பார்ப்பது, தங்குமிடம் தனியறையா பகிர்வா. எந்தத் தீவு என்பது மட்டும் அதில் இல்லை.

இந்த நேரத்தில்தான் 2024 ஜனவரி வந்தது. மாலத்தீவு அமைச்சர் சிலர் இந்தியப் பிரதமரைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதியதும், இங்கே மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று முழக்கம் எழுந்ததும் நினைவிருக்கும். அவளுடைய தாய் அந்தச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கே வந்துவிட்டார். அதற்குமுன் அவர் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. "பிள்ள போறேங்கா சார். அங்க நம்ம ஆளுகளுக்கு ஆவாதுங்காவ. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க போகச் சொன்னா அனுப்புதேன்," என்றார்.

இப்படி ஒரு கேள்வியை எந்தத் தேர்விலும் நான் சந்தித்ததில்லை. போகலாம் என்று சொல்லி அங்கே ஏதேனும் நேர்ந்தால்? வேண்டாம் என்று சொல்லி, இங்கே அந்தப் பெண் பத்தாயிரத்துக்கும் குறைந்த சம்பளத்தில் வட்டி கட்டிக்கொண்டே முப்பது வயதை எட்டினால்? நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஒப்பந்தம் ஒழுங்கானது, தூதரகம் இருக்கிறது, திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணிநேரம்கூட இல்லை, உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் மதுரை போவதைவிடக் குறைவு, அரசியல்வாதிகளின் சண்டை பள்ளிக்கூடத்துக்குள் வர நாளாகும். ஆனால் சட்டங்கள் வேறு. வழிபாட்டுக்குரிய சிலைகளைக் கொண்டுபோகத் தடை உண்டு; பிற சமயத்தார் வெளிப்படையாக வழிபட இடமில்லை. இதைக் கேட்டுத்தான் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மனசுக்குள்ள கும்பிடுறத யாரு தடுக்கப் போறா," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போனார். பெட்டி கட்டும்போது அம்மன் சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டதாக மகள் பிறகு சொன்னாள்.

அவ்வாண்டின் நடுவில் அவள் போய்ச் சேர்ந்தாள். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். எனவே வெள்ளிக்கிழமை மாலைகளில் குரல்பதிவுகள் வரும். தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர அரைமணி நேரம்கூட ஆகாதாம். முதல் மாதம் ஒரு நாளில் மூன்றுமுறை சுற்றியிருக்கிறாள். பிள்ளைகள் அவர்களுடைய திவேகி மொழியை வலமிருந்து இடமாகவும் ஆங்கிலத்தை இடமிருந்து வலமாகவும் எழுதுகிறார்கள். ஒரே நோட்டுப் புத்தகத்தைச் சிலர் இரு முனைகளிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்திக்கிறார்கள். தானா என்ற அந்த எழுத்துமுறையின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து வந்தவை என்று நான் படித்ததைச் சொன்னேன். மறுவாரம் அதை வகுப்பில் சொல்லிப் பெயர் வாங்கிவிட்டாள்.

ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடப்பகுதி. மலைச்சரிவில் ஓர் ஓடை, அருகே காடு, ஒரு சிறுவன் வழி தவறுகிறான். அந்தப் பிள்ளைகளில் பலர் மலையைக் கண்டதில்லை. நாடு முழுவதிலும் கடல்மட்டத்துக்கு மேல் மூன்று மீட்டர் உயரமுள்ள இயற்கைத் திடலைக் காண்பதே அரிது. ஆறு இல்லை. சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். பொருளையே எங்கே போய்க் காட்டுவது? அகராதி அங்கே கைகொடுக்காது. அவள் கரும்பலகையை ஐந்தாகப் பிரித்து, மலை, காடு, வயல், கடல், வறண்ட நிலம் என்று வரைந்து, பாபநாசத்து மலையையும் தாமிரபரணியையும் தொலைபேசியில் படமாகக் காட்டி, ஒவ்வொரு நிலத்துக்கும் ஆங்கிலச் சொற்களை அடுக்கியிருக்கிறாள். கடல் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழ். நீரோட்டம், பவளத்திட்டு, தூண்டிலிடும் முறை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அவற்றுக்கு ஆங்கிலம் தேடி இவள் ஓடவேண்டியதாயிற்று. "இங்க நெய்தல் மட்டும்தான் ஐயா இருக்கு. மத்த நாலையும் நான்தான் கொண்டுவரணும்," என்று அந்தக் குரல்பதிவு முடிந்தது. பகுதி ஒன்று தமிழை எதற்காக எல்லோருக்கும் வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வோராண்டும் என்னிடம் கேட்கும் கணிதத்துறை நண்பருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

எல்லாக் குரல்பதிவும் அப்படியன்று. அழுத நாள்கள் உண்டு. காய்ச்சலில் தனியே கிடந்த நாள்கள் உண்டு. ஒரு மூத்த ஆசிரியர், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் நிலைப்பதில்லை, எங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் புது உச்சரிப்புக்குப் பழகவேண்டியிருக்கிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அது நியாயமான மனக்குறை. குறுகியகால ஆசிரியர் நமக்கு ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கோ ஒரு வகுப்பின் முழு ஆண்டு. இதைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசக் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளம் ரூஃபியாவில். கடனோ இந்திய ரூபாயில். நடுவே டாலர். அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு முற்றியபோது, வங்கி வழியே ஊருக்கு அனுப்பக்கூடிய தொகைக்கு மாத வரம்பு வந்தது. 2025-இன் இறுதியில் அது மேலும் இறுகியது. சம்பளம் கணக்கில் இருக்கிறது, தவணைக்கு வந்து சேரவில்லை என்ற நிலை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்த எங்கள் இருவருக்கும் அப்படியொரு வரி வேறெங்கோ எழுதப்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. வெளியில் யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்களாம். அவள் மாற்றவில்லை. ஓராண்டில் தீரவேண்டிய கடன் தீரவில்லை. ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்கு நீட்டித்தாள். இப்போது கடனில் கால்பங்கு மீதி. அரசுத் தேர்வுக்கான நூல்களை அங்கேயே வைத்துப் படிக்கிறாள். படிப்பு எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

சென்ற மாதம் அதே தீவுக்குச் செல்லும் வேறோர் ஆசிரியை திருவனந்தபுரம் வழியாகப் போவதாகத் தெரிந்து, அவரிடம் கொடுத்தனுப்ப ஒரு பொட்டலத்தோடு தாய் மறுபடி கல்லூரிக்கு வந்தார். முறுக்கு, கருப்பட்டி, இட்லிப்பொடி. மேலே மகள் பெயரையும் பள்ளியையும் தீவையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். இம்முறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எழுதி முடித்ததும் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில தமிழ்லயும் ஒருக்கா எழுதிருங்க சார், அவ பாப்பால்லா," என்றார். எழுதினேன்.